நெருப்புக் குவியலில் நியூட்டுகள்

ஏப்ரலில் குளம் முழுக்கத் திரிந்த நியூட்டு என்ற குட்டிப் பிராணிகள் ஆகஸ்ட் பிறந்ததும் எங்கே போகின்றன? இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் எங்கள் தெருவில் அன்று யாருக்கும் தெரியாது. எனக்கும்தான். பெரில் ஹக்கின்ஸ் மட்டும் தனக்குத் தெரியும் என்றாள்: பக்கத்து வீட்டுப் பூனை தின்றுவிட்டது.

பெரில் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுபவள். பின்தோட்டத்தில் அவளே மண்வெட்டி பிடித்துத் தோண்டிய குளம் ஒரு கட்டில் அகலம்கூட இருக்காது. அதற்கு அந்த வசந்தத்தில் யாரும் அழைக்காமலே நியூட்டுகள் வந்தன. விரல் நீளம், பல்லியின் உடல், தவளையின் ஈரத்தோல், ஆரஞ்சு வயிற்றில் கரும்புள்ளிகள். வேலை முடிந்து வந்ததும் கரையில் குப்புறப் படுத்துவிடுவாள். ஆண் வாலை ஆட்டி ஆட்டிப் பெண்ணுக்கு முன்னால் நிற்கும். பெண்ணோ ஒவ்வொரு முட்டையையும் ஒரு இலையில் வைத்துப் பின்னங்கால்களால் மடித்து மூடும். பெரிலின் தேநீர் பக்கத்தில் ஆறிக் கிடக்கும்.

ஆகஸ்டில் குளம் வெறிச்சென்று ஆனது. அவள் நேராக வேலிக்குப் போய் நார்மன் டன்க்ளியைக் கூப்பிட்டாள்.

"உன் பூனை என் குளத்தையே காலி பண்ணிடுச்சு, நார்மன்."

"டப்பா மீனையே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்புற மகாராணி அது. உன் பல்லியத் தொடுமா?"

"பல்லி இல்ல. நியூட்டு."

"என்ன எழவோ, என் பூனை வயித்துல இல்ல."

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஆனாலும் நாடெங்கும் விறகு குவித்துக் கொளுத்திக் கொண்டாடும் நவம்பர் ஐந்தாம் தேதி நெருப்புக்குத் தெருவே நார்மன் தோட்டத்தில்தான் கூடும். செப்டம்பரிலிருந்தே உடைந்த நாற்காலி, பழைய கதவு, வெட்டிய கிளை என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். சண்டைக்காக அதை விட முடியுமா? அன்று பிற்பகல் பெரிலும் உளுத்த பலகை ஒன்றை இழுத்துப் போனாள். அதைச் செருக அடிப்பலகையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

ஈரமண்ணில் ஒரு நியூட்டு, விறைத்துப்போய். செத்துவிட்டதென்று உள்ளங்கையில் எடுத்தாள். ஒரு கால் மெல்ல அசைந்தது.

குளத்தில் விட ஓடினாள். பாதி வழியில் கால் நின்றது. இது தண்ணீரை விட்டுத் தானாகத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறது? திரும்பிப் போக நினைத்திருந்தால் போயிருக்காதா? மீண்டும் வந்து இன்னொரு பலகையைத் தூக்கினாள். அங்கேயும் இரண்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு. குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்க இடம் பிடித்திருக்கின்றன! அதுவும் இன்னும் சற்று நேரத்தில் தீ வைக்கப்போகும் குவியலில்.

"நார்மன்! வெளிய வா, சீக்கிரம்!"

அவன் மிட்டாய்ப் பாகு ஒட்டிய கரண்டியோடு வந்தான். "என்ன கண்ணு, இப்போ என் பூனை உன் வீட்டுக் கூரையத் தின்னுடுச்சா?"

பெரில் கையை விரித்துக் காட்டினாள். "பூனைமேல பழி போட்டது என் தப்புதான். ஆனா இதக் கொளுத்தாத."

"இருட்டினதும் தெருவே வந்து நிக்கும். பிள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்ல? பல்லி தூங்குதுன்னா?"

"நியூட்டு."

"சரி தாயி, நியூட்டு!" குனிந்து பார்த்தவன் நிமிரவே இல்லை. "இது சிரிக்கிற மாதிரில்ல இருக்கு? உசுரோடதான் இருக்கா?"

"கால் அசையுது பாரு."

நார்மன் கரண்டியைப் புல்லில் வைத்தான். "அந்தப் பக்கம் நீ பிடி."

எடுத்ததை எடுத்த இடத்திலேயே படுக்க வைத்துவிட்டு, மேலே காய்ந்து கிடந்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் தோட்டத்தின் மறுகோடிக்குச் சுமந்தார்கள். சீக்கிரமே வந்த பிள்ளைகளும் கைகொடுத்தார்கள். அடியில் உளுத்துக் கிடந்ததை யாரும் தொடவில்லை. நெருப்பு தாமதமாகத்தான் பிடித்தது, உயரமும் இடுப்பளவுதான்.

"இவ்ளோதானா?" என்றான் ஒரு பையன்.

"உருளைக்கிழங்கு வேகும்ல? வாய மூடிட்டுத் தின்னு" என்றான் நார்மன். ஆனால் அவன் நின்றது நெருப்பருகே அல்ல. பழைய குவியலுக்குக் காவலாக, பெரிலின் பக்கத்தில்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது தோட்டத்தில் விறகு குவித்து வைத்திருந்தால், தீ வைக்கும் முன் அதை வேறிடத்துக்கு மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால் பெரிலின் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.