வலிக்காத கை

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் இசைக்கருவிக் கடைக்கு ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய நரை. பேன்ட் பைக்குள் விட்ட வலது கையை வெளியே எடுக்காமலே, கிட்டார் கம்பியை மீட்டும் பிக் கேட்டார். எடுத்தபோது விரல் மூட்டுகளெல்லாம் வீங்கியிருந்தன.

மெல்லிய பிக் எல்லாம் அவர் விரலிலிருந்து நழுவி விழுந்தன. கட்டைவிரலில் மோதிரம் மாதிரி மாட்டும் பிக்கைக் கொடுத்தேன். மாட்டி வாசித்ததும் முகம் தெளிந்தது. உடனே கழற்றிவிட்டார்.

"இது வெளிய தெரியும்பா. வேற குடு."

"தெரிஞ்சா என்ன அங்கிள்?"

"ஜெபத்துல கை நல்லாயிடுச்சுன்னு, நான் கிட்டார் வாசிக்கிற சர்ச்சுல சாட்சி சொல்ட்டேன். அன்னிக்கு நெசமாவே வலி இல்ல. அதக் கேட்டு ஒரு அம்மா மூட்டுவலி மாத்திரைய நிறுத்திட்டாங்க. வாராவாரம் என் கையவே பாத்துகினு ஒக்காந்துனு கீறாங்க."

"அவங்ககிட்டயாவது உண்மையச் சொல்லிடுங்களேன்."

"போன வாரம் சொல்லத்தான் போனேன். ‘ஒங்களப் பாத்துத்தான் வலியத் தாங்கிக்கிறேன்’னாங்க."

விரலுக்குள் மறைந்துவிடும் தடித்த முக்கோணப் பிக்கை எடுத்துக்கொண்டார். போகும்போது கை கொடுத்தார். கடையில் எங்களைத் தவிர யாருமில்லை. ஆனாலும் வலியே இல்லாதவர் மாதிரி என் கையை இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார்.