விரத காலத்து மாத்திரை

ரொட்டி வாங்கக் கடைக்குப் போன புருஷன் மத்தியானம் வெறுங்கையோடு திரும்பினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் வயிறு எரியாது? பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் வீடு வீடாகத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் ஜெயலெட்சுமி, ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவளிடம் போய்ப் புருஷன் சின்னையா, "பஸ் லேட்டு லா" என்றார். முச்சந்திக் கடைக்கு எதற்கு பஸ்?

அன்றிலிருந்து சட்டையை மோந்து பார்த்தாள். போனைத் துழாவினாள். ஒன்றும் சிக்காதது சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. கேட்டால் மனுஷன் எரிந்து விழுந்தார். முன்பு அப்படிக் கிடையாது. சில நேரம் பேச்சின் நடுவே வார்த்தை வராமல் திருதிருவென்று முழித்தார். பொய் சொல்பவனுக்குத்தான் அந்த முழி வரும் என்று அவள் முடிவு கட்டினாள். எதிர்வீட்டு மோகனா அவரைக் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் பார்த்ததாகச் சொன்னதும், எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்பதே உறுதியாகிவிட்டது.

மறுநாள் முக்காடு போட்டுக்கொண்டு அவர் ஏறிய பெர்ரிப் படகிலேயே ஏறினாள். அக்கரையில் இறங்கிய சின்னையா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். தூண் மறைவில் நின்று அந்த ஒருத்திக்காகக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. பெர்ரிகள் வந்து வந்து போயின; அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஹஸ்ருல் என்ற படகுத்துறைக் காவலாளிதான் வந்து அவர் கையைப் பிடித்துப் படகுப் பக்கம் கூட்டிப் போனான். தூண் மறைவிலிருந்து ஓடி வந்த அவளிடம், எப்போதும் இப்படித்தான், பினாங்குக்கு எப்படிப் போவது என்று இந்த மாமா கேட்பார் என்றான். ஜெயலெட்சுமி முக்காட்டை விலக்கிவிட்டு அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுஹானா அவர் மூளையின் படத்தில் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் அங்கங்கே அடைபட்டு, ரத்தம் போகாத இடங்கள் செத்துவிட்டனவாம். பெரிய பக்கவாதமாக இல்லாமல் சின்னச் சின்னதாக, வெளியே தெரியாமல் நடந்திருக்கிறது. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்டார்.

சாப்பிட்டார், தைப்பூச விரதம் தவிர. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர் வயிற்றில் மாட்டுக் கொழுப்பு கலந்த மாத்திரை போகக்கூடாது என்று வருஷா வருஷம் டப்பாவைப் பூட்டி வைத்தவள் ஜெயலெட்சுமி. அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் நிச்சயம் கெடுதல்தான், இந்த மாத்திரையில் அப்படி எதுவும் இல்லை, இனி ஒரு நாளும் விடக்கூடாது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவளுக்குப் புருஷன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

இந்த வருஷமும் விரதம் தொடங்கியது. குளித்துத் திருநீறு பூசி வந்தவரிடம் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். சின்னையா மாத்திரையைப் பார்த்தார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் அவரை அத்தனை நாள் பார்த்த அதே பார்வை.

"விரதத்துல மருந்து கூடாதுன்னு நீதான சொன்ன, லெட்சுமி. என்னைச் சோதிச்சுப் பாக்கிறியா?"

இல்லை, சாப்பிடலாம், நான் சொன்னது தப்பு என்று அவள் கெஞ்சினாள். அவர் நம்பவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டார்.