சிலாவத்துறையில் ஒரு 'வெல்'

நான் வந்த பஸ் சிலாவத்துறையில் பழுதாகி நிற்கிறது. புத்தளத்திலிருந்து ஊர் திரும்பிக் குடியேறியிருக்கும் ரம்சியா ராத்தா, தன் தகரக் கொட்டிலுக்கு முன்னால் எனக்கும் ஒரு கதிரை போட்டுவிட்டு ஆங்கிலம் பாடமாக்குகிறார். இங்கே கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு. அதைப் பார்க்க இன்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி வருகிறாராம். மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். நான் பேசித்தருகிறேன் என்றாலும், தானே சொல்லவேண்டும் என்கிறார் ராத்தா.

"தங்கச்சி, கிணத்துக்கும் 'வெல்', சுகத்துக்கும் 'வெல்' எண்டா எப்பிடி? 'ஐ ஆம் வெல்' எண்டு சொன்னா, நான் கிணறு எண்டெல்லோ அவர் நினைப்பார்?"

"நினைக்கமாட்டார் ராத்தா. பயப்பிடாமல் சொல்லுங்கோ."

ஜீப் வந்து நிற்கிறது. அதிகாரி சிரித்தபடி, "ஹவ் ஆர் யூ?" என்கிறார்.

ராத்தா நெஞ்சில் கைவைத்து, "ஐ ஆம் நொட் வெல்!" என்கிறார். பிறகு கிணற்றைக் காட்டி, "தட், வெல்!"

அவர் பதறிப்போய் ராத்தாவைக் கதிரையில் இருத்துகிறார். கிணற்றடிக்கு ஓடி, அங்கிருந்த கோப்பையில் தண்ணீர் அள்ளிவந்து நீட்டுகிறார். ராத்தா கோப்பையை அவர் பக்கமே தள்ளுகிறார்.

"யூ, யூ!"

மரியாதைக்காக ஒரு வாய் எடுத்த அதிகாரியின் முகம் கோணுகிறது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், ஒற்றைக் கையால் குறிப்புப் புத்தகத்தைத் திறக்கிறார்.

"எழுதுறார், எழுதுறார்" என்று ராத்தா என் கையைக் கிள்ளுகிறார்.