ஊசுட்டேரிக் கோரையும் என் வீட்டுக்காரரும்

மேரி என்று நாங்கள் சொல்லும் பிரெஞ்சு நகரசபை அலுவலகத்தில் என் வீட்டுக்காரருக்குக் குமாஸ்தா வேலை உறுதியாகியிருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் போலீஸ், சாவடி என்று பெயர் அடிபட்டால் வேலை போய்விடும். தெரிந்தும் அந்த மனிதர், தன் தங்கையின் பிரசவத்துக்குப் புதுப் பாய் வேண்டுமென்று, கோரை அறுக்க என்னையும் கூட்டிக்கொண்டு ஊசுட்டேரிக்குக் கிளம்பினார்.

ஏரியில் ஒரு பாதி பிரெஞ்சுக்காரனுடையது, மறுபாதி இங்கிலீஷ்காரனுடையது. உள்ளே எல்லைக்கல் கிடையாது; அறுக்கிறவர்களுக்குக் கோரைதான் அடையாளம். கரையோரச் சேற்றில் முளைப்பது முக்கோணத் தண்டு, விரலுக்கிடையில் உருட்டினால் உருளாது. அது நிற்கும்வரை நம் பக்கம். ஆழத்தில் உருண்டைத் தண்டு தொடங்கிவிட்டால் இங்கிலீஷ் எல்லை, திரும்பிவிட வேண்டும்.

அந்த வருஷம் மழை பொய்த்துத் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. உருட்டிப் பார்த்துக்கொண்டே போனோம். எல்லாம் முக்கோணம்தான். ஒரு கட்டு சேர்ந்தபோது இங்கிலீஷ் சுங்கச் சேவகர்கள் இரண்டு பேர் எதிரே வந்து நின்றார்கள். எல்லை தாண்டி வந்து என்ன கடத்துகிறீர்கள், சாவடிக்கு நடங்கள் என்றார்கள்.

இவர் ஒரு தண்டை ஒடித்து நீட்டி, இது எங்கள் கோரை, இது எங்கள் மண் என்று பாடம் நடத்தினார். சாவடிக்கே வருகிறேன், அளந்து பார்க்கட்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். கால் மாற்றி நின்றபோது உள்ளங்காலில் ஏதோ குத்தியது. குனிந்தேன். புதுக் கோரைக்கு நடுவே போன வருஷத்து அழுகின அடிக்கட்டைகள், ஒவ்வொன்றும் உருண்டை. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, ஈரச் சேற்றைத் தேடி எங்கள் முக்கோணமும் எல்லை தாண்டிப் போயிருக்கிறது. அளந்தால் இவர் தொலைந்தார்.

காதோடு சொன்னால் கேட்கிற ஆளா? மூத்த சேவகரைப் பார்த்தே சொன்னேன்.

"ஐயா, தப்பு எங்க மேலதான். இது உங்க எடந்தான். கோரையும் அருவாளும் இங்கியே கெடக்கட்டும், எங்கள வுட்டுடுங்க."

"வாய மூடு, உனக்கு என்னா தெரியும்?" என்று இவர் என் மேல் பாய்ந்தார்.

"தெரிஞ்சிதான் சொல்றேன். நடங்க."

சேவகர் சாவடி இருந்த தூரத்தையும் வெயிலையும் ஒருமுறை பார்த்தார். அருவாளை எடுத்துக்கொண்டு, போங்கள் என்று கையைக் காட்டினார்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை இருந்தார். அடிக்கட்டைகளைப் பற்றி எத்தனையோ முறை சொன்னேன், அவர் நம்பவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், இங்கிலீஷ்காரனுக்கு நம் மண்ணைத் தூக்கிக் கொடுத்த மகராசி இவள்தான் என்று என்னைக் காட்டுவார். பிரெஞ்சு பென்ஷனில் வாங்கிய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் காட்டுவார்.