தயிர் வாங்கப் போனவர்

என் வீட்டுக்காரர் எட்டாவது படிக்கும்போதே மண்ணூர் ஏரிக்கரையில் கஞ்சா பிடிக்கப் பழகியவர். கல்யாணத்துக்கு முன்பே விட்டுவிட்டார். ஆனால் மூளை வளருகிற வயதில் பிடித்ததால் ஞாபகமறதி லேசில் போகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தயிர் வாங்கப் போனால் பாலோடு வருவார். "இன்னா, இன்னிக்கும் இழுத்துட்டு வந்தியா?" என்பேன். இல்லை என்று தெரிந்தேதான் கேட்பேன். கோபம் வந்தால் என் வாய் அப்படி. அவர் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி கடைக்குப் போவார்.

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. இந்த மறதியை வைத்துக்கொண்டு அங்கே எப்படிக் குப்பை கொட்டுகிறார் என்று நினைப்பேன். போன மாதம் கம்பெனியைப் பார்க்கக் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள், போனேன். சீட்டுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும் லைனில் நின்று வேலை செய்தவர், ஒரு போல்ட்டை முடுக்க மறந்துவிட்டார். மெஷின் பீப் என்று கத்தியது. சீட் நகரவில்லை. அவர் அந்த போல்ட்டை முடுக்கியதும் நகர்ந்தது. பக்கத்தில் இருந்த ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "யாரும் ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

"எல்லாருக்குந்தான் அது கத்தும். கத்திட்டு வுட்டுடும். கஞ்சா அடிச்சியான்னு கேக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தயிர் வாங்க அனுப்பினேன். பால் பாக்கெட்டோடு வந்து வாசலில் நின்றார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "தயிர்" என்று மட்டும் சொன்னேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிக் கடைக்கு நடந்தார். அன்றைக்குத்தான் தலையைக் குனியாமல் போனார்.