ஆடு புலி ஆட்டத்துக்கு என்ன விலை?

ஆன்லைன் விளையாட்டு நடத்துகிறவர்களுக்கு வாடிக்கையாளரின் முகம் தெரியாது. குரல் மட்டும் தெரியும், அதுவும் பெரும்பாலும் கோபத்தில் இருக்கும்போது. எதையாவது ஊருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிறகு அதற்குக் காசு கேட்கலாமா கூடாதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நானும் ஒரே கட்சி.

என்னோடு கல்லூரியில் படித்த ஜாகிரும் நானும் சேர்ந்து ஆடு புலி ஆட்டத்தை செல்போனுக்குக் கொண்டுவந்தோம். ஒருவருக்குப் புலி, இன்னொருவருக்கு ஆடு. இரண்டு பேரும் இரண்டு ஊரில் இருந்தபடி, பேசிக்கொண்டே ஆடலாம். திருவண்ணாமலையில், கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் பக்கம் ஒரு மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டர் வேலை எல்லாம் ஜாகிர். போன் எடுப்பது நான். ஆரம்பத்தில் எல்லாமே இலவசம். ஆடுகிறவர்கள் கூடக்கூட சந்தோஷப்பட்டோம். அவர்களோடு சேர்ந்து சர்வர் வாடகையும் கூடிக்கொண்டே வந்ததை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தோம்.

சண்டை போடும் உரிமை

ஒருநாள் காலையில் அப்பாண்டைராஜ் என்று ஒருவர் மாடி ஏறி வந்தார். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கத்துத் தெருவில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல உங்களுக்கு என்ன கிடைக்குது?" ஒன்றும் கிடைக்கவில்லை சார் என்றேன். அதை அவர் நம்பவில்லை. சும்மா கொடுக்கிறவன் பின்பக்கமாக எதையோ எடுத்துக்கொள்கிறான் என்பது அவர் கட்சி. போனில் இருக்கும் நம்பர்களை எடுக்கிறீர்களா, போட்டோவை எடுக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜாகிர் அவருடைய போனையே வாங்கி, நாங்கள் எதையும் தொடவில்லை என்று திறந்து காட்டினான்.

அதற்கப்புறம்தான் அவர் வந்த காரணம் தெரிந்தது. ஆட்டத்தின் நடுவில் சில நேரம் ஆடு நகராமல் அப்படியே நின்றுவிடுகிறதாம். பல நாளாக இப்படித்தான் என்றார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னார்.

"ஓசியில ஆடிட்டு எந்த வாயால கேக்கறது? ஏதாவது கொஞ்சம் வாங்குங்கம்மா. அப்பதான் உங்ககிட்ட சண்டை போட எனக்கு உரிமை இருக்கும்."

நடுவில் வந்த விளம்பரம்

ஆடுகிறவர்களிடம் காசு கேட்க எங்களுக்குக் கூச்சம். அதனால் விளம்பரம் போட்டோம். என்ன விளம்பரம் வரும் என்பது எங்கள் கையில் இல்லை. அனுப்புகிறவர்கள் அனுப்புவார்கள், எங்கள் ஆட்டத்தின் நடுவே அது வந்து நிற்கும். சோப்பு வந்தது, நகைக்கடை வந்தது. பரவாயில்லையே என்று இருந்தோம்.

போளூரிலிருந்து மகேஸ்வரி என்ற பெண் போன் செய்தார். வீட்டிலேயே துணி தைப்பவர். அவர் கணவர் கொஞ்ச காலம் போனில் காசு வைத்துச் சீட்டாடியிருக்கிறார். மகேஸ்வரியின் கழுத்துச் செயின் போனது, தையல் மெஷினும் போகப் பார்த்தது. அழுது, சண்டை போட்டு, கடைசியில் தன் அண்ணனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அவரை அதிலிருந்து மீட்டிருக்கிறார். வேலை முடிந்து வந்ததும் கை சும்மா இருக்கக்கூடாது என்று, அண்ணனோடு ஆடு புலி ஆடப் பழக்கிவிட்டார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம், அண்ணன் காயை நகர்த்துவதற்காகக் கணவர் காத்திருந்தபோது, காசு வைத்துச் சீட்டாட வரச்சொல்லி ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. அவர் விரல் அதன்மேல் போய்விட்டது. மகேஸ்வரி ஓடிவந்து போனைப் பிடுங்கியிருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் எதை மூடி வெச்சேனோ, அதை என் வீட்டுக்குள்ளயே வந்து நீங்க திறந்து காட்டிட்டீங்க மேடம்."

பர்ஸிடம் தோற்றவர்

விளம்பரங்களை அன்றைக்கே எடுத்துவிட்டோம். அடுத்து ஒரு வசதிக்கு மட்டும் கட்டணம் வைத்தோம்: தப்பாக வைத்த காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வேண்டியவர்கள் வாங்கட்டும், வேண்டாதவர்கள் சும்மா ஆடட்டும், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தோம்.

ஏழுமலை செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுபவர். ஆசிரமத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கும் நேரம் போக, ஸ்டாண்டில் உட்கார்ந்து ஆடுவார். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் ஆட்டோ விடமாட்டார்கள் என்பதால் அன்றைக்கு நீண்ட ஆட்டம். அப்படி ஒரு பௌர்ணமியில், பெரிய லாட்ஜ் முதலாளி ஒருவரின் புலிகளை அசையவிடாமல் மடக்கிவிட்டார். லாட்ஜ்காரர் காயைத் திரும்ப எடுத்தார். ஏழுமலை மறுபடி மடக்கினார். அவர் மறுபடி எடுத்தார். கடைசியில் சலித்துப்போய் ஏழுமலை ஒரு தப்பு செய்ய, ஆட்டம் போய்விட்டது.

மறுநாள் ஆட்டோவைக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்தார். சத்தம் போடப் போகிறார் என்று தயாராக இருந்தேன். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பாடம் புரியாத மாணவனைப்போல உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்.

"தோத்தது மேட்டரே இல்லைங்க. யாருகிட்ட தோத்தேன்னு தெரியணும் இல்ல? அவருகிட்டயா, அவரு பர்ஸ்கிட்டயா?"

புண்ணியத்தின் நிபந்தனை

அதையும் எடுத்தோம். இனி மூட வேண்டியதுதான் என்று ஜாகிர் சொல்ல ஆரம்பித்த நேரத்தில், ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓய்வு பெற்ற என்ஜினியர் ஒருவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனோம். ஆட்டம் எல்லாருக்கும் இலவசமாகவே இருக்கட்டும், மொத்தச் செலவும் என்னுடையது என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு இரண்டு சின்ன விஷயம் என்றார். ஆப்பைத் திறந்ததும் அவருடைய அப்பாவின் படமும் பெயரும் வரவேண்டும். ஆடும்போது யாரும் பேசக்கூடாது. மௌனமாக ஆடினால்தான் மனம் ஒருமைப்படும். எங்கள் ஆட்டத்தில் பாதிச் சுகமே எதிராளியைச் சீண்டுவதில் இருக்கிறது என்று ஜாகிர் பணிவாகச் சொல்லிப் பார்த்தான். பெரியவர் மௌன நிபந்தனையை விட்டுவிட்டார். படத்தை மட்டும் விடவில்லை.

"இலவசமா குடுக்கறது புண்ணியம்தான்மா. ஆனா யாரு குடுக்கறாங்கன்னு ஜனங்களுக்குத் தெரியணும் இல்லையா?"

எது கூடுதல்?

அவரிடம் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்து, நாங்களே யோசித்தோம். எங்கள் செலவில் பெரும்பகுதி, ஆடிக்கொண்டே பேசும் வசதிக்குத்தான் போனது. பேசாமலும் ஆட முடியும். அதனால் பேச்சுக்கு மாதக் கட்டணம் வைப்பதுதான் நியாயம் என்று முடிவு செய்தோம். ஏழுமலைகூட சரிதான் என்றார். இத்தனை நாளில் எனக்கு மனது உறுத்தாத ஒரே முடிவு அது.

ஒரு வாரம் போயிருக்கும். செய்யாறிலிருந்து சிவகுமார் என்பவர் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். பார்வை கிடையாது. ஹாஸ்டலில் கூடப் படித்த நண்பர் திருச்சியில் இருக்கிறார், அவருக்குப் பார்வை உண்டு. நண்பர் ஒவ்வொரு காயும் எங்கே போகிறது என்று வாயால் சொல்லுவார். சிவகுமார் மனதுக்குள் கோடு போட்டுக்கொண்டு பதிலுக்கு ஆடுவார். தனியாக போன் போட்டுப் பேசியபடி ஆடலாமே சார் என்றேன். பார்வையற்றவர்களுக்காகப் போன் திரையைப் படித்துக்காட்டும் குரலும் நண்பரின் குரலும் அப்போது ஒன்றன்மேல் ஒன்று விழுமாம். எங்கள் ஆப்பில் மட்டும் ஒன்று முடிந்து ஒன்று வருகிறதாம். ஜாகிர் அதை வேறு எதற்கோ அப்படிச் செய்திருந்தான். இப்படி ஒருவருக்கு உதவுகிறது என்று அவனுக்கே தெரியாது.

உங்களுக்கு மட்டும் கட்டணம் இல்லாமல் செய்துவிடுகிறேன் சார் என்றேன். அப்போது பார்வை இல்லை என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி கேட்பீர்கள் என்று சிரித்தபடி விசாரித்தார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஜாகிர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். சம்பளம் வாங்குகிறேன், கட்டணம் எனக்குப் பெரிதில்லை, ஆனால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள் என்று சிவகுமார் சொன்னார்.

"நீங்க அதைக் கூடுதல் வசதின்னு போட்டிருக்கீங்க. உங்களுக்கு அது கூடுதல். எனக்கு அதுதான் மேடம் பலகை."

கழுத்து மணி

பேச்சை எல்லாருக்கும் இலவசமாக்கினோம். யாருக்கு எது அவசியம் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து நம்மால் முடிவு பண்ண முடியாது, அதனால் யாருக்குமே அவசியப்படாததாகப் பார்த்து விற்போம் என்றான் ஜாகிர். புலிக்கு மீசை வரைந்தான். ஆட்டுக்குக் கலர் கொடுத்தான். கழுத்தில் கட்ட ஒரு மணி செய்தான்; ஆடு நகரும்போது மெதுவாகச் சத்தம் வரும். ஆட்டத்தில் ஜெயிக்க இது எதுவும் உதவாது. இதைப் போய் யார் வாங்குவார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்கினார்கள். சர்வர் வாடகைக்குக் கட்டுப்படியாகிறது. எங்கள் சாப்பாட்டுக்கு ஜாகிர் இன்னமும் லாட்ஜுகளுக்கு வெப்சைட் செய்து தருகிறான், நான் பில் போடும் வேலை பார்க்கிறேன்.

போன வாரம் பாஷா என்று ஒருவர் கூப்பிட்டார். காசு போய்விட்டது, மணி வரவில்லை என்றார். பார்த்தேன். ஒரு ஆட்டுக்கு இல்லை, மந்தையில் இருக்கும் அத்தனை ஆட்டுக்கும் வாங்கியிருந்தார். சரி செய்துவிட்டு, இப்போது வருகிறதா என்றேன். போனில் மணிச்சத்தம் கேட்டது. வருதுங்க என்றார். எதற்கு சார் எல்லாத்துக்கும் வாங்கினீர்கள், ஒன்றுக்கு வாங்கினாலே சத்தம் வருமே என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தனக்குக் கறிக்கடை இருப்பதாகச் சொன்னார்.

"தினம் அதை வெட்டித்தாங்க என் பொழப்பு நடக்குது. இங்கயாவது ஆளுக்கு ஒரு மணி கட்டி நடக்க வெச்சுப் பாக்கலாமேன்னுதான்."

அவசியமானதை எல்லாம் சும்மா கொடுத்துவிட்டு, அவசியமே இல்லாததை விற்றுப் பிழைக்கும் இந்த வியாபாரத்துக்கு என்ன பெயர் என்று எங்கள் ஆடிட்டர் கேட்கும்போதெல்லாம், நானும் ஜாகிரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.