அவன் பெயரில் என் ரத்தம்

எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை மெடிக்கல் உண்டு. என் தோஸ்து டிரெய்லர் ஓட்டுபவன், சர்க்கரைக்காரன். ரிப்போர்ட்டில் அது தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதனால் மூன்று வருடமாக அவன் பெயரில் நான்தான் கையை நீட்டினேன். நான் வேறு கான்ட்ராக்டரிடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன்; அவரிடம் மெடிக்கல் எதுவும் கிடையாது. ரத்தம் எடுப்பவர்கள் டோக்கனைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்கமாட்டார்கள். தப்புதான். அப்போது உதவியாகத் தெரிந்தது.

என் உடம்பு கல்லு என்று பெருமை வேறு. மூன்றாவது வருடம் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தேன். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும். தொப்பை கரைகிறது என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

மெடிக்கல் முடிந்த நாலாம் நாள் தேரடி டீக்கடைக்கு அவன் ஒரு காகிதத்தோடு வந்தான்.

"மாமு, வெள்ளை அணு ரெண்டு லட்சத்துக்கு மேல கீதாம். பதினோராயிரத்துக்குள்ளதான் இருக்கணுமாம். ரத்தத்துல கேன்சரா இருக்கும்னு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்றாங்க."

"அடப்பாவமே" என்று அவன் தோளில் கை வைத்தேன்.

அவன் என் முழங்கையின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாக இருந்தது. டீ ஆறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"வூட்ல பொண்டாட்டி அய்துகினு கீது. மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துச்சு. என்னுது இல்லைன்னு இன்னும் சொல்லல மாமு. உன்கிட்ட சொல்லாம அதுங்கிட்ட எப்டி சொல்றது?"

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். இவன் வீட்டுக்குப் போய் நல்ல செய்தி சொல்லப்போகிறான் என்ற எரிச்சல். அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனும் கூட வந்தான். டாக்டர் என் வயிற்றை இடது பக்கம் அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, பசி போனது அதனால்தான் என்றார். அந்தக் காகிதம் உதவாது, உங்கள் பெயரில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்.

வரிசையில் நிற்கும்போது அவன் தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"இந்தத் தபா நான் குடுக்கறேன் மாமு. என்னுதுல சர்க்கரை மட்டும்தான்."

சிரித்துவிட்டேன். கவுண்டரில் பெயர் கேட்டார்கள். அவன் பெயர்தான் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு என் பெயரைச் சொன்னேன்.